எங்க போய் உக்காருது?

அவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். மற்ற நாட்களில் எல்லாம் வாசலைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே வந்து, செருப்பு அலமாரியின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்பார்.

"உக்காருங்கோ டீச்சர்" என்பாள் என் மனைவி.

"வேண்டாம் மாமி. உக்காந்தா எந்திரிக்க மனசு வராது. ஒரு நிமிசந்தான்."

அந்த ஒரு நிமிடத்துக்குள் குக்கர் சத்தம் போட்டு அடங்கி, மனைவி அதைத் திறந்து பருப்பைக் கடைந்து, ரசமும் வைத்து முடித்துவிடுவாள். டீச்சர் நின்றபடியே பேசிக்கொண்டிருப்பார். அவருக்காகவே கூடத்தில் ஒரு பிரம்பு நாற்காலி போட்டோம். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காததால் நான் அலமாரியிலிருந்து எடுக்கும் கோப்புகளை அதில் போட்டுவைக்க ஆரம்பித்தேன். அந்தக் கோப்புகளைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாமல் விடத்தான் ஆசை.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் எப்படியாவது அவர் கண்ணில் பட்டு, அவர் இப்போது குடியிருக்கும் நாகர்கோவிலிலிருந்து போன் வரும். "சார், நல்லா எழுதியிருக்கீங்க. ஒரு எடத்துல மட்டும் தப்பு இருக்கு" என்று தொடங்குவார். அந்த ஒரு இடத்தைச் சொல்லி முடிக்க ஒரு மாலைப்பொழுது ஆகும்.

மும்பையில் ஒரு கல்லூரியில் அவர் மருந்தியல் பாடம் நடத்தினார். செம்பூரில் எங்கள் பழைய கட்டடத்தில் எதிர் வீடு. கணவர் அணுசக்தி நகரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தப் பருவத்திலும் காதில் பஞ்சு வைத்திருப்பார். குளிருக்காக என்று சொல்வார். மே மாதத்திலும் அதையே சொன்னதால் கட்டடத்தில் யாரும் நம்பவில்லை.

யார் எந்த மருந்தின் பேச்சை எடுத்தாலும் டீச்சர் கேட்பது ஒரே கேள்விதான். "அது எங்க போய் உக்காருது?"

தலைவலி மாத்திரை நல்லது, இருமல் மருந்து சூடு, இந்தக் கம்பெனி மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்றெல்லாம் நாம் பேசுவது அவருக்குப் பேச்சாகவே தோன்றாது. நல்ல மருந்து கெட்ட மருந்து என்று எதுவும் கிடையாது, உட்காரும் இடம்தான் உண்டு என்பார். உடம்பின் செல்களில் மருந்து போய்ப் பொருந்தும் இடங்களுக்கு 'ஏற்பி' என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். டீச்சர் வகுப்பில் 'ரிசெப்டர்' என்றிருப்பார். எங்களிடம் 'சீட்' என்பார். ஹார்பர் லைன் ரயிலில் லேடீஸ் கோச்சில் வருடக்கணக்காகப் போய்வந்தவர் வேறு எப்படிச் சொல்வார்!

என் மனைவிக்கு அவர் இதை விளக்கிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. நான் உள்ளே டயரி எழுதுவதுபோல் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சீட்ல உக்காருத ஆளு ரெண்டு வகை மாமி. ஒருத்தி உக்காந்ததும் சன்னல தொறப்பா, ஃபேன் சுவிட்ச தட்டுவா, எதுத்தாப்புல இருக்கவகிட்ட பேச்சு குடுப்பா. கோச்சே கலகலன்னு ஆயிரும். இன்னொருத்தி உக்காந்ததும் கண்ண மூடிருவா. ஒரு வேலையும் செய்ய மாட்டா. ஆனா அவ எந்திரிக்கது வரைக்கும் அந்த சீட்ல வேற யாரும் உக்கார முடியாதுல்லா? மருந்துலயும் அப்படித்தான். உக்காந்து வேலய செய்யுத மருந்து ஒண்ணு. சும்மா உக்காந்து மத்தவன உக்கார விடாம தடுக்குத மருந்து ஒண்ணு."

"ரெண்டாவது மருந்தாலே என்ன பிரயோஜனம் டீச்சர்?"

"அதுதான் பிரயோஜனமே. அந்த ஃபேன் சுவிட்ச தட்டுதவ வரக்கூடாதுன்னுதான் இவள கொண்டு உக்கார வைக்கோம்."

"எங்காத்திலேயும் ஒருத்தர் இருக்கார்" என்றாள் மனைவி. "ஆபீஸ்லே ரொம்ப நாளா உக்காந்துண்டிருக்கார். வேற யாரையும் அந்த சீட்டுக்கு வர விடலை."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்றைய டயரியில் 'டீச்சர் வந்தார். மருந்தியல் பற்றிப் பேச்சு' என்று மட்டும் எழுதிக்கொண்டேன்.

லேடீஸ் கோச்சில் இன்னொரு வழக்கம் உண்டாம். ஏறியதும் இடம் தேடமாட்டார்கள். உட்கார்ந்திருப்பவர்களிடம் வரிசையாக "கிதர் உத்ரேகா?" என்று கேட்பார்கள். எங்கே இறங்குவாய் என்பதுதான் அதற்கு அர்த்தம். "குர்லா" என்று பதில் வந்தால் அந்த இடம் குர்லாவிலிருந்து கேட்டவளுக்குச் சொந்தம். அதன்பின் யார் வந்தாலும், முன்னாலேயே நின்றாலும், உட்கார முடியாது. மருந்துகளிடமும் இதைக் கேட்க வேண்டும் என்பார் டீச்சர். சில மருந்து மதியமே இறங்கிவிடும். சிலது கடைசி ஸ்டேஷன் வரை எழுந்திருக்காது. மூன்று பேர் பெஞ்சில் நான்காவதாக ஒட்டிக்கொண்டு, பாதி உடம்பு வெளியே தொங்க உட்காருகிறவரைப்போல் பாதி வேலை மட்டும் செய்யும் மருந்துகளும் உண்டாம்.

இவ்வளவும் தெரிந்தவரிடம் கட்டடத்தில் எல்லோரும் ஓசி வைத்தியத்துக்கு வந்தார்கள். எல்லோரும் ஏமாந்தார்கள். "எங்க உக்காருதுன்னு கேளுங்க, சொல்லுதேன். சாப்பிடலாமா வேண்டாமான்னு உங்க டாக்டர்ட்ட கேளுங்க. நான் வாத்திச்சி" என்று முடித்துவிடுவார். கொஞ்ச நாளில் அவர் லிஃப்டில் இருந்தால் மற்றவர்கள் படியில் இறங்க ஆரம்பித்தார்கள். எங்கள் சொசைட்டி செகரெட்டரிக்கு முழங்கால் வலி. அவர்கூடப் படியில்தான் இறங்குவார்.

எனக்கும் அவருக்கும் முதல் மனத்தாங்கல் காபியால் வந்தது. மும்பையின் தமிழர் பேட்டையான மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவன் நான். காபி இல்லாமல் எனக்குக் காலை என்று ஒன்று கிடையாது. ஒருநாள் டம்ளரை ஆற்றிக்கொண்டே, "காபி குடிச்சாத்தான் ஒரு தெம்பு வரது டீச்சர்" என்று சொல்லித் தொலைத்தேன்.

"காபி தெம்பு குடுக்கல சார். தூக்கம் வந்து உக்காரவேண்டிய சீட்ல துண்டு போட்டு வைக்குது. அவ்வளவுதான். தூக்கம் வெளிய நின்னுகிட்டேதான் இருக்கும். துண்ட எடுத்ததும் வந்து உக்காரும்."

காபியைக் குடித்து முடித்தேன். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு மதியமும் கண் சொருகும்போது, துண்டை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று தோன்ற ஆரம்பித்தது. நிம்மதியாகத் தூங்கி வழியக்கூட முடியவில்லை.

இரண்டாவது, சொசைட்டியின் பொதுக்கூட்டம். என் கையெழுத்தையும் ஒழுங்கையும் பார்த்துக் கூட்டக் குறிப்பு எழுதும் வேலையை நிரந்தரமாக எனக்குக் கொடுத்திருந்தார்கள். அன்று மூக்கு ஒழுகியதால் ஒரு ஜலதோஷ மாத்திரை போட்டுக்கொண்டு போனேன். தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வது பற்றிய தீர்மானம் வரை என் எழுத்து முத்துமுத்தாக இருக்கிறது. அதன்பின் ஒரு கோடு பக்கத்தின் அடிவரை சறுக்கி இறங்குகிறது. குறட்டை விட்டதாகச் சொன்னார்கள். அதைக் குறிப்பில் ஏற்ற யாரும் இல்லாததால் நான் மறுக்கிறேன்.

மறுநாள் டீச்சர் செருப்பு அலமாரிமேல் கையை ஊன்றிக்கொண்டார். "அந்த மாத்திரை எங்க போய் உக்காருது சார்?"

"மூக்கிலே."

"மூக்குல இருக்க அதே மாதிரி சீட்டு மூளையிலயும் இருக்கு. நம்மள முழிக்க வைக்குதது அதுதான். மாத்திரை அங்கயும் போயி உக்காந்துகிட்டுது."

"நான் மூக்குக்குத்தானே போட்டுண்டேன்?"

"மாத்திரைக்கு மூக்கு எது மூளை எதுன்னு தெரியாது சார். அது சீட்ட மட்டுந்தான் பாக்கும்."

இந்த வாக்கியம் பிடித்திருந்தது. டயரியில் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டேன். இனி வரப்போகும் கதையைப் படிக்கும்போது, அந்த அடிக்கோட்டை ஸ்கேல் வைத்துப் போட்டேன் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இப்போது கோப்புகள்.

எனக்கு எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். மின்சாரக் கட்டணத்துக்கு ஒரு கோப்பு, தண்ணீருக்கு ஒன்று, வைத்தியத்துக்கு உறுப்புவாரியாக. பல்லுக்கு மஞ்சள், நெஞ்சுக்குப் பச்சை, கண்ணுக்கு நீலம். நெஞ்சுக் கோப்பு மெலிந்தது. சிறுவயதிலிருந்து எப்போதாவது வரும் இழுப்பு, அதற்கு டாக்டர் எழுதிக்கொடுத்த பம்ப், அவ்வளவுதான். வாயில் வைத்து ஒரு அழுத்து அழுத்தி உள்ளே இழுத்தால் அடங்கிவிடும். அந்தப் பம்பைத் தேடி எடுத்தே நாளாகியிருந்தது.

அந்த வருடம் கண்ணில் அழுத்தம் கூடியிருப்பதாகச் சொன்னார்கள். கண் டாக்டர் முறையாகத்தான் கேட்டார். "மூச்சு சம்பந்தமான தொந்தரவு ஏதாவது உண்டா?"

"தற்சமயம் இல்லை" என்றேன்.

கேள்விக்குச் சரியான பதில் சொன்ன திருப்தி எனக்கு இருந்தது. 'தற்சமயம்' என்ற சொல்லை நானே சேர்த்தேன். அவர் காலையும் மாலையும் விடும்படி ஒரு சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். மருந்துச் சீட்டை நீலக் கோப்பில் வைத்தேன்.

சொட்டு மருந்து விடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. தலையை அண்ணாந்து, கீழிமையை இழுத்து, ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு, கன்னத்தில் வழியாமல். சற்று நேரத்தில் தொண்டையில் லேசாகக் கசக்கும். மனைவி காபிப்பொடியில் சிக்கரியைக் கூட்டிவிட்டாள் என்று முடிவுசெய்து அவளிடம் விசாரித்தேன். அவள் கடைக்காரரைக் கேட்டாள். அவர் இன்றும் என்னைப் பார்த்தால் சரியாகப் பேசுவதில்லை.

அப்புறம் இழுப்பு ஆரம்பித்தது. முதலில் படியேறும்போது, பிறகு செருப்பு மாட்டக் குனியும்போது. காரணங்களை நான் ஒழுங்காகத் தேடினேன். பக்கத்துக் கட்டடத்தை இடித்துக் கட்டுகிற தூசி என்று சன்னல்களை மூடினேன். தேவ்நார் குப்பைமேட்டுப் புகை என்று சந்தேகப்பட்டேன். மேல்மாடி குஜராத்தி அம்மாள் புறாக்களுக்குத் தானியம் போடுவதை எதிர்த்து அறிவிப்புப் பலகையில் ஒரு வேண்டுகோள் ஒட்டினேன். கட்டடம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. வீட்டில் ஊதுபத்தியும் தாளிப்பும் தடைசெய்யப்பட்டன.

"மூச்சு விடறதைத் தவிர வேற எதையாவது விட்டு வைப்பேளா?" என்றாள் மனைவி, தாளிக்காத மோர்க்குழம்பைப் பரிமாறிக்கொண்டே.

குடும்ப டாக்டரிடம் பச்சைக் கோப்போடு போனேன். வேறு என்ன மருந்து எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். தட்டச்சு செய்த பட்டியலை நீட்டினேன். சத்து மாத்திரையிலிருந்து திரிபலா சூரணம் வரை எல்லாம் இருந்தது. கண் சொட்டு இல்லை. அது நீலக் கோப்பு. அவர் பம்பை அடிக்கடி எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்தேன். சுவரில் பந்தை எறிவதுபோல் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சொட்டு விட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவதுபோல் ஆயிற்று. பம்பை அழுத்தினேன். மீண்டும் அழுத்தினேன். காற்று உள்ளே போனது, வெளியே வர மறுத்தது. மனைவி ஓடிப்போய் எதிர்க்கதவைத் தட்டினாள்.

டீச்சர் வந்தபோது நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்ன மருந்து எடுத்தாரு மாமி?"

"பம்ப்தான். எத்தனை தடவை அடிச்சும் கேக்கலை."

"வேற?"

நான் கையை அசைத்து வேறு எதுவும் இல்லை என்றேன்.

"கண்ணுக்குச் சொட்டு விட்டுண்டாரே இப்போ!"

நான் மறுத்துத் தலையாட்டினேன். பேச மூச்சில்லை. ஆனாலும் பேசினேன். "அது... கண்... ஃபைல்."

வாழ்க்கையின் கடைசி வார்த்தையாக அது ஆகியிருக்கலாம். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

மனைவி நீலம், பச்சை இரண்டையும் அலமாரியிலிருந்து இழுத்துப் பிரம்பு நாற்காலியில் போட்டுவிட்டு, சொட்டு மருந்துக் குப்பியைக் கொண்டுவந்து கொடுத்தாள். டீச்சர் அதைச் சன்னல் வெளிச்சத்தில் படித்தார். மணிக்கட்டை விடவில்லை.

"மூச்சு இப்படி இழுக்கு, நாடி இப்படி மெதுவா அடிக்கு. சலோ மாமி, ஆட்டோ பிடிங்க."

ஆட்டோவில் நான் நடுவில். ஒரு பக்கம் மனைவி, ஒரு பக்கம் டீச்சர், கையில் குப்பி. எனக்குக் காரணம் தெரிந்தாக வேண்டியிருந்தது. காரணம் தெரியாமல் எதையும் செய்து பழக்கமில்லை, மூச்சுத் திணறுவது உட்பட.

"எங்கே... போய்... உக்..."

"அப்பறம் சொல்லுதேன் சார். இப்ப பேசாதீங்க. வெளிய விடுங்க, மெதுவா விடுங்க."

யாரைக் கண்டு கட்டடமே படியிறங்கி ஓடுமோ, அவர் விளக்கம் சொல்ல மறுத்த ஒரே நாள் அது. நான் பயந்தது அப்போதுதான்.

நர்சிங் ஹோமில் இருந்த இளம் டாக்டர், மருந்தை ஆவியாக்கித் தரும் முகமூடியை எனக்கு மாட்டிவிட்டுக்கொண்டே என்ன மருந்து எடுத்தார் என்று கேட்டார். டீச்சர் குப்பியை நீட்டினார். பெயரைப் பார்த்ததும் டாக்டருக்குப் புரிந்துவிட்டது. நர்ஸைக் கூப்பிட்டு, பம்பில் இருந்த அதே மருந்தோடு இன்னொரு மருந்தையும் முகமூடியின் கிண்ணத்துக்குள் ஊற்றச் சொன்னார். டீச்சர் சுவரோரமாக நின்றார். நாற்காலி இருந்தது. வழக்கம்போல் நின்றார்.

நடந்ததை டாக்டர்தான் பிறகு எனக்குச் சொன்னார். கண்ணில் விடும் சொட்டு கண்ணோடு நிற்பதில்லை. கண்ணின் ஓரத்துத் துளை வழியாக மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்கி ரத்தத்தில் கலக்கிறது. அந்தக் கசப்பு சிக்கரி அல்ல. கண்ணில் அழுத்தத்தைக் குறைக்க அது எந்த ஏற்பியில் உட்கார்ந்து அடைக்கிறதோ, அந்த வகை ஏற்பிகள் இதயத்திலும் மூச்சுக்குழாயிலும் இருக்கின்றன. பம்பின் மருந்து வந்து உட்கார்ந்து குழாயை விரிக்க வேண்டிய இடமும் அதேதான். காலையும் மாலையும் நானே, சிந்தாமல் சிதறாமல், கண்ணை மூடிக்கொண்டு உட்காருகிற ஒருத்தியை அங்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தேன். முகமூடியில் நர்ஸ் சேர்த்து ஊற்றிய அந்த இன்னொரு மருந்து வேறு வகை ஏற்பியில் உட்காருவது. இந்தக் கோச்சில் இடமில்லை என்று அடுத்த கோச்சில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். இரவு முழுவதும் என்னை அங்கேயே வைத்திருந்தார்கள். சொட்டை நிறுத்தச் சொல்லி, கண் டாக்டருக்குப் போன் செய்து, மூச்சைத் தொடாத வேறு சொட்டுக்கும் ஏற்பாடு செய்தார்கள்.

மறுநாள் பிற்பகல் வீடு திரும்பினேன். நெஞ்சில் இன்னும் மெல்லிய விசில் இருந்தது. சாய்ந்து படுத்திருந்தேன். எதிர்க்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வரப்போகும் பாடத்துக்கு என்னைத் தயார்செய்துகொண்டேன். அந்தச் சிவப்பு மை வாக்கியத்தை அவர் ஞாபகப்படுத்தினால் என்ன சொல்வது என்று யோசித்தேன். 

டீச்சர் வந்தார். செருப்பு அலமாரியைத் தாண்டினார். நேராகக் கூடத்துக்கு நடந்து பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார்.

மனைவி சமையலறை வாசலில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"டீச்சர்... ஃபைல்..." என்றேன்.

"இருக்கட்டும் சார்."

என் நீலக் கோப்பும் பச்சைக் கோப்பும் ஒன்றாகச் சேர்ந்தது அன்றைக்குத்தான். அதுவும் அவருக்கு அடியில்.

நான் காத்திருந்தேன்.  மனைவி காபி கொண்டுவந்தாள். துண்டு, தூக்கம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்தார். 

"ஏதாவது சொல்லுங்கோ டீச்சர்" என்றேன். வேண்டிக் கேட்டேன் என்றே எழுதலாம்.

"என்னத்த சொல்ல? வருசா வருசம் இதத்தான் போர்டுல போட்டு நடத்துதேன். ஒரு கட்டம், ஒரு அம்புக்குறி, குறுக்க ஒரு கோடு. பிள்ளைங்க எழுதிக்கிடுவாங்க, நானும் அழிச்சிட்டு வந்துருவேன்." டம்ளரைக் கீழே வைத்தார். "அந்தக் கோட்டுக்கு ஒரு மூஞ்சி இருந்து பாத்ததில்ல சார். நேத்து ஆட்டோல உங்க நாடிய எண்ணிகிட்டே வந்தேன். ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல எனக்குப் பாடமெல்லாம் மறந்துபோச்சு."

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது. தடை நீங்கிவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

டீச்சர் எழுந்திருக்கவில்லை. வெளியே வெயில் இறங்கியது. மேல்மாடியில் புறாக்கள் தானியத்துக்காகச் சிறகடித்தன. அவர் பேசுவதைத் தாங்கப் பழகியிருந்த எனக்கு, அவர் பேசாமல் இருப்பதைத் தாங்கத் தெரியவில்லை.

"கிதர் உத்ரேகா, டீச்சர்?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து என் நெஞ்சுப் பக்கம் காதைக் கொடுத்தார்.

"அந்த விசில் சத்தம் நிக்கட்டும். அதுவரைக்கும் இந்த சீட்டு என்னோடது."

அவரை ஏமாற்ற, சத்தம் வராமல் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சை விடலாமா என்று நினைத்தேன். கண்டுபிடித்துவிடுவார் என்று தோன்றியதால் உள்ளபடியே விட்டேன்.